எங்க வீட்டு முட்டிகளும் ஒரு பிசியோதெரபி மாணவியும்

"பிசியோதெரபியை ஆன்லைன்லயே படிச்சுட முடியுமா?"

போன ரெண்டு மாசத்துல மூணு பேர் என்கிட்ட இதைக் கேட்டுட்டாங்க. ஒருத்தர் மஸ்கட், ஒருத்தர் ஷார்ஜா, இன்னொருத்தர் சிங்கப்பூர். மூணு வீட்டுலயும் ப்ளஸ் டூ படிக்கற பிள்ளை இருக்கு. எம்பிபிஎஸ் கிடைக்கலைன்னா பிபிடி-ன்னு ஒரு கணக்கு. பிள்ளையைத் தனியா இந்தியாவுக்கு அனுப்பவும் மனசு வரலை. பாதியை வீட்டுல உக்காந்தே கம்ப்யூட்டர்ல முடிச்சுட்டு, மீதியை நேர்ல வந்து படிச்சா என்னன்னு ஒரு யோசனை.

பேங்க்ல உத்தியோகம் பார்க்கற பி.காம். ஆசாமிகிட்ட இதை ஏன் கேக்கறாங்கன்னு நீங்க நினைக்கலாம். எலும்புக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், இருபது வருஷமா நாற்காலில உக்காந்து சம்பாதிச்ச இடுப்பு வலி மட்டும்தான் :-) ஆனா எங்க அக்கா பொண்ணு ஹைதராபாத்ல எங்க வீட்டுல தங்கித்தான் பிபிடி முடிச்சா. அக்காவும் அத்திம்பேரும் மஸ்கட்ல இருக்காங்க. அம்முன்னு கூப்பிடுவோம். அவ காலேஜ்ல சேர்ந்தது 2019. அந்த வருஷத்தைப் பார்த்ததுமே மிச்சக் கதை உங்களுக்குப் பாதி புரிஞ்சிருக்கும்.

முதல்ல சட்டத்தைச் சொல்லிடறேன். முடியாது. 2021ல இந்தியாவுல துணை மருத்துவப் படிப்புகளுக்குன்னு தனியா ஒரு தேசிய ஆணையச் சட்டம் வந்தது. பிசியோதெரபியும் அதுக்குள்ள வருது. அந்தச் சட்டத்துக்குள்ள வர்ற படிப்புகள் எதையும் தொலைதூரக் கல்வியாவோ ஆன்லைன்லயோ நடத்தக் கூடாதுன்னு பல்கலைக்கழக மானியக் குழு 2025ல பல்கலைக்கழகங்களுக்குச் சொல்லிடுச்சு. அதனால யாராவது "வீட்டிலிருந்தே பிசியோதெரபி டிகிரி"ன்னு விளம்பரம் போட்டா கிட்டவே போகாதீங்க.

ஆனா சட்டம் சொல்லுதுங்கறதோட விட்டுடற விஷயம் இல்லை இது. வகுப்பு நேர்ல நடந்தாலும், இன்னிக்குப் பாதிப் பாடம் வீடியோவுலதான் ஓடுது. அதனால கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேக்கணும். திரையில படிச்ச பிள்ளை முதல் நாள் வார்டுக்குள்ள போறப்போ, ஒரு நோயாளியைத் தொடத் தயாரா இருக்கா? இதுக்கு எங்க வீட்டுல பார்த்ததை வெச்சு பதில் சொல்ல முடியும்.

அம்மு படிச்ச காலத்துல பிபிடி நாலு வருஷம், அப்புறம் ஆறு மாசம் இன்டர்ன்ஷிப். முதல் வருஷம் உடற்கூறு, உடலியங்கியல்னு ஏட்டுப் படிப்பு. அதுக்கப்புறம்தான் உடற்பயிற்சி சிகிச்சை, மின்சிகிச்சை, கையால தொட்டுப் பார்க்கற பாடமெல்லாம். முதல் வருஷம் முடியறதுக்குள்ள 2020 மார்ச் வந்துடுச்சு. தெலங்கானாவுல மார்ச் நடுவுலயே காலேஜை மூடினாங்க, 25ஆம் தேதி நாடே மூடிடுச்சு. விமானமும் நின்னு போனதால மஸ்கட்டுக்கும் போக முடியலை. எங்க வீட்டு டைனிங் டேபிள்தான் அவளுக்குக் காலேஜ்.

நாங்க இருக்கறது செகந்திராபாத் பக்கம் பத்மாராவ் நகர். ஸ்கந்தகிரி முருகன் கோவில் இருக்கற இடம்னு சொன்னா இந்த ஊர்த் தமிழர்களுக்கு உடனே தெரியும். அங்கேருந்து காந்தி ஆஸ்பத்திரி நடக்கற தூரம். 2020ல அதை முழுக்க முழுக்க கொரோனாவுக்குன்னு ஒதுக்கினாங்க. கச்சிபௌலியில விளையாட்டு அரங்கத்துக்காகக் கட்டின கட்டடத்தையே ஆஸ்பத்திரியா மாத்தினாங்க. மூட்டு வலி, முதுகு வலின்னு வர்ற சாதாரண நோயாளி எங்கேயும் வரலை. நோயாளி இல்லாம பிசியோதெரபி மாணவி எதைத் தொட்டுப் படிப்பா? வேடிக்கை என்னன்னா, அந்த நேரத்துல தீவிர சிகிச்சைப் பிரிவுல மூச்சுப் பயிற்சிக்கும், குப்புறப் படுக்க வைக்கறதுக்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்குத் தேவை அதிகம். ஆனா மாணவர்களை அங்க விட முடியாது.

அதனால நாங்கதான் நோயாளி.

அவகிட்ட கோணம் அளக்கற கருவி ஒண்ணு இருக்கும், கோனியோமீட்டர்னு பேரு. ஸ்கூல்ல வெச்சிருந்த ப்ரொட்ராக்டருக்கு ரெண்டு கை முளைச்ச மாதிரி. அதை வெச்சுக்கிட்டு என் தோள், என் வீட்டுக்காரி முட்டி, எங்க அம்மாவோட கணுக்கால்னு வீட்டுல ஒண்ணையும் விடலை. "மாமா, அசையாம இருங்க", "பாட்டி, முட்டியை மடக்குங்க"ன்னு சாயங்காலம் ஆனா ஒரே அளவெடுப்புதான். டெய்லர் கூட அவ்ளோ எடுக்க மாட்டான். லேப்டாப்புல மறுபக்கம் மேடம் "தெரியுதா? தெரியுதா?"ன்னு கேட்டுக்கிட்டு இருப்பாங்க. கேமரா பாதி நேரம் எங்க வீட்டு ஃபேனைக் காட்டிக்கிட்டு இருக்கும்.

ஆன்லைன்ல படிச்சதெல்லாம் வீண்னு சொல்ல மாட்டேன். கழுத்துலேருந்து கைக்குப் போற நரம்புப் பின்னல் எப்படிப் பிரியுதுன்னு அசையற படத்துல நாலு தடவை ஓட்டிப் பார்த்தா. ஒருத்தர் நொண்டி நடக்கற வீடியோவை மெதுவா ஓடவிட்டு, இடுப்பு எந்தப் பக்கம் சாயுது, எந்தத் தசை பலவீனம்னு கண்டுபிடிச்சா. நேர்ல ஒரு நோயாளியைப் பத்துத் தடவை நடந்து காட்டச் சொல்ல முடியுமா? இன்னொரு லாபமும் உண்டு. மஸ்கட்ல இருக்கற எங்க அக்காவுக்கு முட்டி வலி. அம்மு வீடியோ கால்ல பயிற்சி சொல்லிக் கொடுப்பா. கையால தொட முடியாதுங்கறதால ஒவ்வொண்ணையும் வார்த்தையில சொல்லணும். "துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில வெச்சுக்கோ, அதை அமுக்கு, அஞ்சு எண்ணு, விடு." இப்படித் தெளிவாப் பேசற பழக்கம் பின்னாடி வார்டுலயும் அவளுக்குக் கைகொடுத்தது.

சிக்கல் வேற இடத்துல இருந்தது. எங்க வீட்டுல எல்லாரும் நல்லா இருந்தோம்!

தசை பலத்துக்கு 0லேருந்து 5 வரைக்கும் மதிப்பெண் போடுவாங்களாம். 5 முழு பலம். 3ன்னா புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடியும், எதிர்ப்புக் கொடுத்தா தாங்காது. 2ன்னா படுக்கை மட்டத்துல நகர்த்தலாம், தூக்க முடியாது. 1 இருக்கே, அதுதான் விசேஷம். அசைவே இருக்காது. தசைமேல விரலை வெச்சா உள்ளே ஒரு துடிப்பு மட்டும் தெரியும். 0ன்னா அதுவும் கிடையாது. அம்மு எங்க வீட்டுல போட்ட மார்க் எல்லாமே 5. ஒரு வருஷம் முழுக்க அவ விரல் 5 தவிர வேற எதையும் தொடலை. 1ங்கறது அவளுக்கு நோட்டுல எழுதி வெச்ச வரி.

இன்னொரு விஷயம், இதை நீங்களே இப்போ பண்ணிப் பார்க்கலாம். உங்க முழங்கையை முழுசா மடக்குங்க. கடைசியில சதையும் சதையும் மோதி மெத்துன்னு நிக்குது இல்லையா? இப்போ நீட்டுங்க. எலும்பும் எலும்பும் இடிச்சு 'டக்'னு நிக்கும். இந்த நிக்கற விதத்தை வெச்சே உள்ளே என்ன பிரச்சினைன்னு பாதி சொல்லிடுவாங்க. தோள் இறுகிப் போனவங்களுக்கு, நிக்க வேண்டிய இடத்துக்கு ரொம்ப முன்னாடியே, தோல் வாரை இழுக்கற மாதிரி நிக்குமாம். இதை எந்தத் திரையில பார்ப்பீங்க? கேமராவுக்குக் கோணம் தெரியும், கைக்கு வர்ற தடுப்பு தெரியாது.

எனக்கு இது சட்டுனு புரிஞ்சதுக்குக் காரணம் என் உத்தியோகம். பேங்க்ல எங்களுக்கும் ஆன்லைன் பாடம் உண்டு. கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கறது எப்படின்னு படம் காட்டுவாங்க, கேள்வி கேப்பாங்க, மார்க் போடுவாங்க, சான்றிதழும் வந்துடும். ஆனா கேஷ் கவுண்ட்டர்ல பத்து வருஷம் உக்காந்தவரைப் பாருங்க. 500 ரூபா நோட்டுல காந்தி படம் விரலுக்குக் கொஞ்சம் மேடா தட்டுப்படணும். கட்டை விரித்து எண்ணிக்கிட்டே போறவர் திடீர்னு ஒரு நோட்டுல நிப்பார். கண்ணால அதுவரைக்கும் அதைப் பார்த்தே இருக்க மாட்டார். எண்ணற மெஷின் எல்லாம் வந்தாச்சு, ஆனாலும் அந்த விரலுக்கு இன்னும் மதிப்பு இருக்கு. நூறு மார்க் வாங்கின புதுப் பையனைப் பயிற்சி முடியறதுக்கு முன்னாடி யாரும் தனியா கேஷ்ல உக்கார வைக்கறது இல்லை.

2021 கடைசியில அம்முவோட வகுப்பை வார்டுக்கு அனுப்பினாங்க. எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம். முதல் வாரமே பக்கவாதம் வந்த ஒரு பெரியவர். அவரைக் கட்டில்லேருந்து நாற்காலிக்கு மாத்தணும். பரீட்சையில இதே கேள்விக்கு நல்ல மார்க் வாங்கினவ அவ. பலவீனமான கையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, தோள் மூட்டு இறங்கிடும். பலவீனமான பக்கம் நிக்கணும். அவர் முட்டி மடங்கிடாம நம்ம முட்டியால அணை கொடுக்கணும். எல்லாம் தெரியும்.

ஆனா அங்க இருந்தது உயரத்தை மாத்த முடியாத பழைய இரும்புக் கட்டில். பெரியவருக்கு வேட்டி நழுவுது. ஒரு கையில டிரிப்ஸ். பக்கத்துல அவர் மனைவி முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு நிக்கறாங்க. பேச்சு முழுக்கத் தெலுங்கு. அம்மு அப்படியே நின்னுட்டா. சீனியர் பிசியோதெரபிஸ்ட் ஒரு அம்மா வந்தாங்க. அவங்க முதல்ல செஞ்சது, கட்டில் ஓரத்துல தொங்கின மூத்திரப் பையை எடுத்து நாற்காலிப் பக்கம் மாட்டினது. அதை மாத்தாம ஆளை நகர்த்தியிருந்தா குழாய் இழுத்திருக்கும். "மாமா, நான் பார்த்த எந்த வீடியோவுலயும் அந்தப் பை இல்லை"ன்னு அன்னிக்கு ராத்திரி சொன்னா. படிப்பையே விட்டுடலாமான்னும் கேட்டா.

மொழிப் பிரச்சினை தனிக்கதை. மஸ்கட்ல படிச்சதால அவளுக்கு ஹிந்தி வரும், அதை வெச்சு இந்த ஊர் தக்கனி உருதுவைச் சமாளிச்சுடுவா. தெலுங்கு சுத்தமா வராது. சீனியர் அம்மா நோயாளிகிட்ட "காலு எத்தண்டி"ன்னு சொன்னதும் இவ ரெண்டடி பின்னால போயிட்டாளாம். தமிழ்ல எத்தறதுன்னா உதைக்கறது! தெலுங்குல தூக்கறது. வார்டே சிரிச்சிருக்கு. "நெம்மதிகா"ன்னா 'மெதுவா'ங்கறதும் அங்கதான் கத்துக்கிட்டா. நமக்கு நிம்மதி, அவங்களுக்கு நிதானம். யோசிச்சா ரெண்டும் ஒண்ணுதான்.

அப்புறம் என்ன நடந்துச்சு? ஆசிரியர்கள் புரிஞ்சுக்கிட்டாங்க. மூணு வாரம் சாயங்காலம் பிள்ளைகளை ஒருத்தர்மேல ஒருத்தர் கையை வெக்க விட்டு, விட்டுப்போன செய்முறையை எல்லாம் மறுபடி எடுத்தாங்க. ஒவ்வொருத்தர் கையையும் பக்கத்துல நின்னு திருத்தினாங்க. அதுக்கப்புறம் சீனியரோட ரெண்டு ரெண்டு பேரா வார்டு. அந்த மூணு வாரம் இல்லைன்னா, அந்த ஒரு வருஷ ஆன்லைன் படிப்பு அந்தரத்துல தொங்கியிருக்கும்.

வெளிநாட்டுலயும் இதை யோசிச்சிருக்காங்க. ஆஸ்திரேலியாவுல பிசியோதெரபி மாணவர்களை வெச்சு நடத்தின சோதனை ஒண்ணு 2012ல வெளிவந்தது. மருத்துவமனைப் பயிற்சி 4 வாரம். அதுல 1 வாரத்துக்குப் பதிலா, நோயாளி மாதிரி நடிக்கறவங்களை வெச்சுப் பயிற்சி கொடுத்தாங்க. முழுக்க ஆஸ்பத்திரியிலயே இருந்தவங்களைவிட இவங்க குறைஞ்சு போகலை. ரெண்டு விஷயத்தைக் கவனிக்கணும். மாத்தினது கால் பங்குதான். அந்தக் கால் பங்குலயும் எதிர்ல இருந்தது ரத்தமும் சதையுமா ஒரு ஆள், திரை இல்லை. இங்கிலாந்துல படிப்பு முடியறதுக்குள்ள 1,000 மணி நேரம் நேரடிப் பயிற்சி எதிர்பார்க்கறாங்க. நம்ம நாட்டுல 2025ல வெளியிட்ட புதுப் பாடத்திட்டத்துல பிபிடி 5 வருஷம், அதுல இன்டர்ன்ஷிப் மட்டும் 1 வருஷம். அம்மு காலத்து ஆறு மாசத்துக்கு இது ரெட்டிப்பு. திரை எவ்வளவு வளர்ந்தும் வார்டு நேரத்தைக் கூட்டித்தான் இருக்காங்க, கவனிங்க.

இனி, கேட்டவங்களுக்கு என் பதில். லோன் கேட்டு வர்றவர் கொடுக்கற பேப்பர் எவ்வளவு சுத்தமா இருந்தாலும், இடத்தைப் போய்ப் பார்க்காம நாங்க கையெழுத்துப் போடறது இல்லை. நீங்களும் அதையே செய்யுங்க. லீவுல வர்றப்போ ஒரு நாள் ஒதுக்குங்க.

காலேஜுக்குச் சொந்த ஆஸ்பத்திரி இருக்கா, இல்லை வேற ஆஸ்பத்திரியோட ஒப்பந்தமான்னு கேளுங்க. எதுவா இருந்தாலும், அங்க பிசியோதெரபி பிரிவு வாசல்ல காலையில ஒரு மணி நேரம் உக்காருங்க. எத்தனை நோயாளி வர்றாங்கன்னு எண்ணுங்க. கட்டடமும் ஸ்மார்ட் போர்டும் அப்புறம்.

வார்டுல ஒரு சீனியருக்கு எத்தனை மாணவர்கள்னு கேளுங்க. எலும்பு, நரம்பு, நெஞ்சு, குழந்தைகள்னு எல்லாப் பிரிவுக்கும் சுத்தி அனுப்பறாங்களா?

வார்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பிள்ளையோட கையையும் யாராவது நேர்ல பார்த்து "சரி"ன்னு சொல்றாங்களா? சரியில்லைன்னா மறுபடி சொல்லித் தர்றாங்களா? இதுதான் முக்கியமான கேள்வி. இதுக்குத் தடுமாறினா அந்தக் காலேஜ் வேண்டாம்.

பிள்ளைகிட்ட ஒண்ணு சொல்லுங்க. பார்த்த நோயாளி, செஞ்ச சிகிச்சை, மணி நேரம் எல்லாத்தையும் கையெழுத்து வாங்கி லாக்புக்ல வெச்சுக்கணும். நாளைக்கு வெளிநாட்டுல பதிவு பண்ணப் போனா, பயிற்சி விவரத்தைத்தான் கேப்பாங்க.

அம்மு இன்டர்ன்ஷிப் பண்ணினது 2023-24ல. அப்போ ஒரு நாள் நடந்ததைச் சொல்றேன். பக்கவாதம் வந்து பத்து நாளான ஒரு அம்மா. வலது கால் தொடைக்கு முந்தின நாள் ஷீட்ல 0ன்னு எழுதியிருக்கு. இவ தொடைமேல கையை வெச்சு "செப்பண்டி"ன்னு பேச்சுக் கொடுத்துக்கிட்டே, முட்டியைக் கீழே அமுக்கச் சொல்லியிருக்கா. ஒண்ணும் இல்லை. கையை எடுக்காம மறுபடி. மறுபடி. நாலாவது தடவை விரலுக்கு அடியில மீன் புரண்ட மாதிரி ஒரு சின்னத் துடிப்பு. சீனியரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கா. அவங்களும் தொட்டுப் பார்த்து 0வை அடிச்சு 1ன்னு எழுதினாங்களாம். 0க்கும் 1க்கும் உள்ள தூரம் என்னன்னு பேங்க்காரன் எனக்குத் தெரியாததா? காலிக் கணக்குக்கும் உயிரோட இருக்கற கணக்குக்கும் உள்ள தூரம். பக்கத்துல நின்ன மகன்கிட்ட விஷயத்தைச் சொன்னதும் அவன் அங்கேயே உக்காந்து அழுதானாம்.

துடிப்புக்குப் பேர், எண், காரணம் எல்லாமே அவளுக்கு எங்க டைனிங் டேபிள்லயே தெரியும். அது துடிக்கறப்போ எப்படி இருக்கும்னு அந்த விரலுக்குத் தெரியறதுக்கு வார்டு வேண்டியிருந்தது. ரெண்டுல எது இல்லாட்டியும் அன்னிக்கு அந்த அம்மாவுக்கு 0தான்.

கடைசியா, பிள்ளை பிசியோதெரபி படிக்காத வீடுகளுக்கும் ஒரு வேண்டுகோள். நம்மள்ல நிறைய பேர் வீட்டுல அப்பா அம்மா ஊர்ல தனியா இருக்காங்க. முட்டி ஆபரேஷன், இடுப்பு எலும்பு முறிவுன்னு ஆஸ்பத்திரியில சேர்க்கறப்போ, சீனியரோட ஒரு இளம் பிள்ளை வந்து "நான் தொட்டுப் பார்க்கலாமா தாத்தா?"ன்னு கேக்கும். "ஸ்டூடண்ட் எல்லாம் வேண்டாம், பெரிய டாக்டரைக் கூப்பிடு"ன்னு இங்கேருந்து போன்ல கத்தாதீங்க. சீனியர் பக்கத்துல இருக்காங்களான்னு மட்டும் கேட்டுக்கோங்க. இருந்தா, தொட விடுங்க.

பி.கு: ஹைதராபாத்ல படிக்க வர்ற நம்ம பிள்ளைகளுக்கு அம்மு கொடுத்த குட்டி அகராதி. எக்கட நொப்பி - எங்க வலி. படுகோண்டி - படுத்துக்கோங்க. லேவண்டி - எழுந்திருங்க. ஊபிரி பீல்ச்சண்டி - மூச்சை இழுங்க. வதலண்டி - விடுங்க. பயபடகண்டி - பயப்படாதீங்க. பழைய ஊர்ப் பக்கம் போனா 'ஹௌ'ன்னா ஆமா, 'நக்கோ'ன்னா வேண்டாம். நோயாளி "நக்கோ"ன்னா உடனே கையை எடுத்துடணும். அது முதல் பாடமாம்.